இடக்கைப் பின்னல்

அன்று பிற்பகல் அந்த வீட்டில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். வீட்டுக்கு உடையவரான தலைமையாசிரியை அம்மாள், பணி ஓய்வு பெற்றவர். அவருடைய இளைய மகன், லிஃப்ட் மெக்கானிக். அந்த மகனின் மனைவி, பிள்ளைத்தாய்ச்சி. பக்கத்துத் தெரு நர்சம்மா. அவ்வளவுதான். எதிர்வீட்டுத் தையல்காரர் தாமும் மாடிப்படியில் நின்றதாக இன்றுவரை சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் கேட்டைத் தாண்டவில்லை. குடையைக்கூட மடக்கவில்லை. கௌரவமான ஒரு குடும்பத்தில் நடந்ததைச் சொல்லும்போது ஆளாளுக்கு ஒரு வால் ஒட்டுவது அழகல்ல. நடந்தது இதுதான்.

மழைக்காலம் தொடங்கியபோது மகனும் மருமகளும் வந்து இறங்கினார்கள். அவனுக்கு அம்மா இருக்கும் ஊருக்கே வேலை மாற்றலாகியிருந்தது. மருமகள் பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தவள். வாய் திறக்கப் பயப்படுகிறவர்களிடம் நாள் முழுக்கப் பேசிப் பேசி, பேச்சை நிறுத்தும் வழக்கமே அவளுக்கு விட்டுப் போயிருந்தது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி வண்டியிலிருந்து இறங்கினாள்.

"என்ன அத்தை அப்படிப் பாக்கறீங்க? இதுல நான் பாதிதான். மீதி உங்க பேரப்பிள்ளை."

"வாசல்ல நின்னு சிரிக்காதே. உள்ள வா," என்றார் அம்மாள். ஆனாலும் அவளுடைய பையைத் தாமே வாங்கிக்கொண்டார்.

கீழ் அறையின் சுவரில் ஈரம் ஏறிச் சுண்ணாம்பு உதிர்ந்துகொண்டிருந்தது. மகன் யாரையும் கேட்கவில்லை. மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறினான்.

"அந்த ரூம் வேண்டாம்டா."

"ஏம்மா? அதுலதான் வெளிச்சம் நல்லா இருக்கு."

ஏன் என்பதற்கு அவரிடம் காரணம் இருந்தது. வாய்விட்டுச் சொல்லக்கூடிய காரணம் இல்லை.

"தூசி," என்றார்.

"தூசிக்குத்தானே துடைப்பம் கண்டுபிடிச்சிருக்காங்க?" என்று மருமகள் அவன் பின்னாலேயே போய்விட்டாள்.

மாடி அறையில் ஒரு கட்டில், ஜன்னலோரம் கை வைத்த நாற்காலி, சுவரில் பதித்த அலமாரி. கதவுக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள். திறந்ததும் அந்துருண்டை வாசனை வந்தது. அதற்கடியில் நனைந்த கம்பளியின் வாசனை. அந்த அறையில் பல வருடமாக யாரும் எதையும் நனைத்ததில்லை.

சாயங்காலத்துக்குள் மருமகள் அலமாரியின் அடித்தட்டைக் குடைந்துவிட்டாள். தலையணை உறைக்குள் சுற்றி வைத்திருந்த மஞ்சள் கம்பளி அவள் மடியில் விரிந்தது. கைக்குழந்தைக்கான ஸ்வெட்டர். முதுகுப்பகுதி தோள்வரை வந்து நின்றிருந்தது. பின்னல் ஊசிகள் இரண்டும் அதிலேயே கோத்தபடி இருந்தன.

"அத்தை! இது யார் பின்னினது?"

அம்மாள் கதவருகில் நின்றார்.

அவருக்கு மூத்த மருமகள் ஒருத்தி இருந்தாள். இதயக் கோளாறில் இறந்தாள் என்று ஊருக்குச் சொல்லப்பட்டது. இளையவளுக்கும் அதுதான் தெரியும். மூத்தவள் இறக்கும்போது கருவுற்றிருந்தாள் என்பது, வைத்தியம் பார்த்த டாக்டரைத் தவிர, அம்மாளுக்கும் நர்சம்மாவுக்கும், அதற்குப் பிறகு இந்த வீட்டு வாசற்படியே மிதிக்காத பெரிய மகனுக்கும் மட்டும் தெரிந்தது. இந்த ஸ்வெட்டர் யாருடையது என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும். அதற்கும் அடுத்தது வரும்.

ஒரு பள்ளிக்கூடத்தையே பார்வையால் அடக்கியவர் அவர். கண் இமைக்காமல் சொன்னார்.

"நான்தான். உன் பிள்ளைக்குத்தான்."

ஜன்னல் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

காற்று இல்லை.

அம்மாளுக்குப் பின்னவே தெரியாது. ஒரு பொத்தான் அறுந்தாலும் எதிர்வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறவர்.

மறுநாள் மருமகள் நாற்காலியை வெளிச்சத்துக்குத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மீதியை நான் முடிச்சிடறேன் அத்தை. ஆனா ஒண்ணு கேக்கணும். நடு வரிசையில ஏன் நிறுத்தினீங்க? வரிசை முடியாம யாரும் ஊசியைக் கீழ வைக்க மாட்டாங்களே."

"யாரோ கூப்பிட்டாங்க."

"அதுக்கப்புறம் திரும்பி வரவே இல்லையா?" என்று சிரித்தாள். ஊசியில் கோத்த வளையங்களை, அவள் கண்ணி என்று சொல்லும் வளையங்களை, விரலால் நகர்த்திப் பார்த்தாள். "இன்னொண்ணு. நீங்க இடது கையா? கண்ணியெல்லாம் எதிர்ப்பக்கமா திரும்பி உட்கார்ந்திருக்கு. நூலும் தப்பான பக்கம் நிக்குது."

வாழ்நாளெல்லாம் வலது கையால் கரும்பலகையில் எழுதியவர் ஒரு கணம் தம் கைகளைப் பார்த்துக்கொண்டார்.

"பின்னும்போது அப்படித்தான். பிடிக்கலைன்னா பிரிச்சுட்டுப் புதுசா ஆரம்பி."

"நல்லா இருக்கே! நீங்க உங்க பேரப்பிள்ளைக்குப் பின்னினதை நான் பிரிக்கறதா? மாட்டவே மாட்டேன். நானும் இடது கையால பழகிக்கறேன். இல்லேன்னா நடுவுல கோடு போட்ட மாதிரி தெரியும். உங்க கையும் என் கையும் ஒண்ணா இருக்கணும் அத்தை."

பழகிக்கொண்டாள். முதலில் தடுமாறினாள், நாக்கைத் துருத்திக்கொண்டாள், ஊசியைத் திட்டினாள். பிறகு சீக்கிரமே கை ஓடத் தொடங்கியது. கீழே கூடத்தில் இருக்கும்போது ஊசியோடு ஊசி உரசும் சத்தம் அம்மாளுக்குக் கேட்கும். டிக், டிக் என்று, பல்லோடு பல் தட்டுவதுபோல.

கை ஓட ஓட, வாய் நின்றது.

சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள். கரண்டியை இடது கையால் எடுப்பாள். மகன் ஏதாவது கேலி பேசினால், கொஞ்சம் தாமதித்து, யாரோ மொழிபெயர்த்துச் சொன்ன பிறகு சிரிப்பதுபோல் சிரிப்பாள். ஜன்னலோரம் உட்காரும்போது இடது காலை நாற்காலியின் குறுக்குக் கட்டையில் ஏற்றி வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

மூத்தவளும் அப்படித்தான் உட்காருவாள். அதை இவளுக்கு யாரும் சொன்னதில்லை.

ஒரு மதியம் நர்சம்மா வந்திருந்தார். அவர் பிரசவ வார்டிலேயே காலம் கழித்தவர், அம்மாளுக்குப் பழைய சிநேகிதி. இருவரும் கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மழை தூறியது. அப்போது மாடியில் தட்டும் சத்தம் கேட்டது. முட்டியால் தட்டுவதுபோல் இல்லை. கூர்மையான, மெல்லிய சத்தம். மரத்தில் உலோக முனை படும் சத்தம்.

"என்ன அது டீச்சர்?"

"மாடியில எலி," என்றார் அம்மாள்.

சொன்ன பிறகுதான் தாம் சொன்னது தமக்கே கேட்டது. கோப்பையைச் சாசரில் வைத்தார்.

ஏனென்றால் அதே கூடத்தில், அதே வார்த்தையை அவர் முன்பும் சொல்லியிருக்கிறார்.

மூத்த மருமகள் ஓரிடத்தில் இருக்கமாட்டாள், மாடி ஏறுவாள், இறங்குவாள். கரு தங்க வேண்டுமானால் படுக்கையை விட்டு எழக் கூடாது என்று டாக்டர் கண்டித்திருந்தார். மதிய வேளைகளில் அம்மாள் அவளை உள்ளே விட்டு வெளியே தாழ் போட்டார். இப்போது ஊரில் பூட்டு என்கிறார்கள். பூட்டு இல்லை, தாழ்ப்பாள். அக்கறையால் போட்டது. ஒரு மதியம் கல்வி அதிகாரி மனைவியோடு வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மேலே தட்டும் சத்தம் கேட்டது. வந்தவர்கள் முன்னால் வீட்டுச் சத்தம் கேட்கக் கூடாது என்பது அம்மாள் வளர்ந்த வளர்ப்பு. "மாடியில எலி," என்றார். அதிகாரி சிரித்தார். தட்டல் தொடர்ந்தது. அம்மாள் குரலைக் கொஞ்சம் உயர்த்திப் பேசினார். பிறகு தட்டல் நின்றது. வந்தவர்களை வாசல்வரை போய் முறையாக வழியனுப்பிவிட்டு, அவர் மேலே போய்த் தாழை நீக்கினார். மூத்தவள் கதவோரம் தரையில் கிடந்தாள். மடியெல்லாம் இரத்தம். இடது கையில் மஞ்சள் பின்னல். ஊசி முனையால் தட்டியிருக்கிறாள். கதவின் உட்பக்கம் சின்னச் சின்னப் புள்ளிகள்.

அவ்வளவும் ஒரே மூச்சில் அம்மாளுக்குள் ஓடி முடிந்தது. எழுந்து படியேறினார். நர்சம்மா பின்னால் வந்தார்.

கதவு வெளியே தாழிட்டிருந்தது.

நீக்கினார். மருமகள் கதவுக்கு மிக அருகில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன் அத்தை தாழ் போட்டீங்க?"

"நான் போடலை."

"நீங்கதான். 'எழுந்திருக்காதே, சும்மா படு'ன்னு சொல்லிட்டுப் போட்டீங்க. உங்க குரல்தான்."

அம்மாள் நர்சம்மாவைப் பார்த்தார். நர்சம்மா மருமகளின் இடது கையிலிருந்த மஞ்சள் பின்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் மகன் திருகாணிகளைக் கழற்றித் தாழ்ப்பாளையே எடுத்துவிட்டான். "லிஃப்டுல மாட்டிக்கிட்டவங்களைத் தினமும் வெளிய எடுக்கறவன் நான். என் பொண்டாட்டியே வீட்டுக்குள்ள மாட்டிக்கிட்டான்னா ஊர் சிரிக்கும்," என்றான். யாரும் சிரிக்கவில்லை.

நர்சம்மா வாரம் தவறாமல் வந்து மருமகளின் வயிற்றில் நாடா வைத்து அளந்து பார்ப்பார். அந்த வாரம் அளந்தார். மறுபடியும் அளந்தார். கை கழுவும் சாக்கில் அம்மாளைச் சமையலறைக்குக் கூட்டிப்போனார்.

"போன தடவை இருந்த அளவுதான் டீச்சர். அதுக்கு முந்தின தடவையும் அதேதான். ஸ்வெட்டர் வளருது. பிள்ளை வளரலை."

"டாக்டர்கிட்ட காட்டலாம்."

"காட்டுங்க. நானும் வரேன். ஆனா அது யாரோடதுன்னு எனக்குத் தெரியும்." நர்சம்மாவின் குரல் இன்னும் இறங்கியது. "அவ தன் பிள்ளைக்குன்னு ஆரம்பிச்சது. நீங்க எடுத்து இவளுக்குன்னு கொடுத்துட்டீங்க. நீங்கதான் பின்னினதா வேற சொல்லியிருக்கீங்க. கொடுத்ததுக்குப் பதிலா அவ இவகிட்டேர்ந்து எடுத்துக்கறா. உண்மையைச் சொல்லிடுங்க."

"என் மகன் எதிர்லயா?"

"யார் எதிர்ல இருந்தா என்ன?"

"அவன் அண்ணன் ஏன் இந்த வீட்டுக்கு வர்றதில்லைன்னு அவனுக்குத் தெரியாது. நான் சாகிறவரைக்கும் தெரிய வேண்டாம். இந்த வீட்டு மானத்தை நான் என் வாயாலேயே…" அம்மாள் நிறுத்திக்கொண்டார். "கையைத் துடைச்சுக்கோங்க. தண்ணி சொட்டுது."

டாக்டர் பார்த்தார். இதயத் துடிப்பு இருக்கிறது, சற்று மந்தம், ஓய்வு தேவை என்றார். படுக்கையை விட்டு எழ வேண்டாம் என்றார்.

அதைக் கேட்டபோது மருமகள் தலையைத் திருப்பி மாமியாரைப் பார்த்துச் சிரித்தாள்.

அது பல் மருத்துவரின் உதவியாளருடைய சிரிப்பு அல்ல.

வேறு வழி இருக்கிறதா என்று அம்மாள் பார்த்தார். ஒருநாள் காலை மருமகள் குளிக்கப் போனதும் மாடியேறினார். ஸ்வெட்டரின் இரண்டு கைகளும், முன்பக்கமும் முடிந்துவிட்டன. கழுத்து மட்டும் பாக்கி. ஊசிகளை உருவினார். கண்ணிகள் வாயைத் திறந்துகொண்டு நின்றன. நூலின் நுனியைப் பிடித்து இழுத்தார். ஒரு வரிசை சரசரவென்று பிரிந்தது. நூல் சூடாக இருந்தது.

கீழே குளியலறையிலிருந்து ஓர் அலறல்.

அம்மாள் ஓடினார். மருமகள் வாளியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். காலடித் தண்ணீர் சிவப்பாக ஓடியது.

"அத்தை, உள்ள யாரோ இழுக்கறாங்க அத்தை…"

அது அவளுடைய சொந்தக் குரல். பல நாளுக்குப் பிறகு அம்மாள் அதைக் கேட்டது அப்போதுதான். "ஒண்ணும் இல்லம்மா, ஒண்ணும் இல்ல," என்று அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். இரத்தம் நின்றது. அவர் திரும்பி மாடிக்குப் போய்ப் பார்த்தபோது ஊசிகள் கோத்திருந்தன. பிரித்த வரிசை மீண்டும் பின்னப்பட்டிருந்தது.

கண்ணிகள் எதிர்ப்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தன.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சம்மதிக்காமல் மருமகள் படுத்துவிட்டாள். பிற்பகலில் நர்சம்மா வந்தார். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வந்து, "காலையிலேர்ந்து அசைவே இல்லையாம். வண்டிக்குச் சொல்லுங்க," என்றார். மகன் வேலையிலிருந்து ஓடி வந்தான். மழை கொட்டியது. பிற்பகலிலேயே விளக்குப் போட வேண்டிய இருட்டு.

மூவரும் கீழே துணிமணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது மாடியில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

பிறகு ஊசிச் சத்தம்.

டிக். டிக். டிக்.

"கதவைத் திற! வண்டி வருது!" மகன் தோளால் முட்டினான். தாழ்ப்பாளே இல்லாத கதவு. உள்ளேயும் கொக்கி கிடையாது. சுவரோடு சுவராக நின்றது. திருப்புளி, கடப்பாரை, எதுவும் நுழையவில்லை. அவன் திறக்க முடியாத கதவு என்று ஒன்று அதுவரை இருந்ததில்லை.

"கொஞ்சம் இருங்க," என்றது உள்ளிருந்து ஒரு குரல். "கழுத்துதான் பாக்கி. முடிச்சுட்டா போட்டுப் பாத்துடலாம்."

மகன் பின்வாங்கினான். "அம்மா, இது யார் குரல்?"

ஈரக் கம்பளியின் வாசனை படிகளில் இறங்கி வந்தது.

ஊசிச் சத்தம் நின்றது. கதவின் உட்பக்கத்தில், தரைக்கு அருகில், தட்டல் தொடங்கியது. மெல்லிய, கூர்மையான தட்டல்.

"அத்தை."

அம்மாளின் கை படிக்கட்டுக் கம்பியை இறுகப் பிடித்தது.

"அத்தை. கீழ யார் வந்திருக்காங்க?"

நர்சம்மா அழுதுகொண்டிருந்தார். "டீச்சர், பிள்ளை போயிடும் டீச்சர்."

அம்மாள் மகனைப் பார்த்தார். அவனுக்குத் தாம் யாராக இருந்தோம் என்பதைக் கடைசியாக ஒருமுறை அவன் முகத்தில் பார்த்துக்கொண்டார். பிறகு கதவின் பக்கம் திரும்பினார்.

முழங்காலிட்டார், தலையில் அடித்துக்கொண்டார் என்றெல்லாம் பேச்சு இருக்கிறது. இல்லை. நின்றபடிதான் சொன்னார். பள்ளியின் காலை வணக்கக் கூட்டத்தில் பேசிய அதே குரலில், தெளிவாகச் சொன்னார்.

"கீழ யாரும் வரலை. இனிமே யார் வந்தாலும் எனக்கு உன்னைவிடப் பெரியவங்க இல்லை. அந்த ஸ்வெட்டர் நான் பின்னினது இல்லை. எனக்குப் பின்னத் தெரியாது. அது என் மூத்த மருமக, அவ வயித்துப் பிள்ளைக்குப் பின்னினது. வெளியே தாழ் போட்டது நான். நீ தட்டினது எனக்குக் கேட்டுச்சு. எலின்னு சொன்னேன். எலி இல்லை. நீதான். எனக்குத் தெரியும்."

மழைச் சத்தம் மட்டும் இருந்தது.

"அது உன்னோடது. உன் பிள்ளையோடது. நீயே வாங்கிக்கோ. இவளோடதை இவளுக்கு விட்டுடு."

மகன் படிச்சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

கதவு திறந்தது. யாரும் தள்ளவில்லை.

மருமகள் கதவோரம் தரையில் கிடந்தாள். இரண்டு கைகளும் விரிந்து வெறுமையாக இருந்தன. ஜன்னலோர நாற்காலியில் மஞ்சள் ஸ்வெட்டர், கழுத்து முடியாமல், நடு வரிசையில் நின்றிருந்தது. நர்சம்மா பாய்ந்து போய் மருமகளின் வயிற்றில் காதை வைத்தார்.

"வாங்கிக்கிட்டாங்க," என்று முனகினாள் மருமகள். பிறகு திடுக்கிட்டு வலது கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ! என்ன உதை உதைக்குது இது!"

வண்டிச் சத்தம் வாசலில் கேட்டது.

குழந்தை அன்றைக்கே பிறந்தது. பெண். மாதம் நிறைவதற்கு முன்னால் பிறந்ததால் சின்னதுதான். தொண்டை மட்டும் பெரிய ஆள் தொண்டை என்று வார்டில் எல்லோரும் சொன்னார்கள். மகன் தன் அம்மாவிடம் பல நாள் பேசவில்லை. பிறகு பேசினான். பெரிய மகனுக்கும் செய்தி போயிற்று. அவன் என்ன பதில் சொன்னான் என்பது குடும்ப விஷயம்.

அதற்குப் பிறகு அந்த மாடி அறையில் யாரும் படுப்பதில்லை. பெருக்கித் துடைப்பதற்கு அம்மாள் தாமே போகிறார். கதவைச் சாத்துவதில்லை. அந்த வீட்டில் மஞ்சள் கம்பளி நூல் யாரும் வாங்கியதும் இல்லை.

அந்த நாற்காலியில் கைக்குழந்தையின் ஸ்வெட்டர் ஒன்று இன்னும் முடியாமல் கிடக்கிறது என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. முடியவில்லை என்பது சரி. கைக்குழந்தையின் அளவு அல்ல. தோளும் கையும் வருடா வருடம் நீண்டு, இப்போது அது பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் அளவுக்கு இருக்கிறது.